காதிரைச்சலும் காந்தத் துடிப்பும்



வானொலியில் பேசுகிறவனுக்கும் கேட்கிறவர்க்கும் இடையே உள்ள ஒரே பாலம் காது. அக்காதைப் பற்றியே இன்று சில சொல்ல எண்ணுகிறேன். வெளியிலிருந்து வரும் ஒலியை நாம் எவ்வாறு கேட்கிறோம் என்பது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதனை மீண்டும் ஒப்பிக்க நான் வரவில்லை. வெளியில் ஒலி ஒன்றும் இல்லாதபோதும் சிலர்க்குக் காதில் ஓயாது ஓர் ஒலி கேட்கிறது. அவ்வொலி எங்கே பிறக்கிறது? மண்டையைத் திறக்காமல், கத்தி படாமல், வெளியிலிருந்தே மூளையைத் தூண்டி அதனை அடக்க இயலுமா? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை நாம் காதிரைச்சல் என்கிறோம். மருத்துவர் டின்னிட்டஸ் என்பர். ஒருவர்க்கு அது சுவர்க்கோழியின் ஓசையாக இருக்கும்; இன்னொருவர்க்கு வண்டின் முரற்சி; வேறொருவர்க்குக் கொதிக்கும் நீரின் சீற்றம். பகலில் ஊர்ச் சந்தடியில் மறைந்து கிடக்கும். இரவில் விளக்கை அணைத்துத் தலையைச் சாய்த்தவுடன் எழுந்து நிற்கும். உறக்கம் கெடும், உறக்கம் கெட்டவர்க்கு மறுநாள் வேலையில் மனம் செல்லாது, சிறு சொல்லுக்கும் சினம் வரும். காய்ச்சல் என்றால் வீட்டார் தொட்டுப் பார்ப்பர். புண் என்றால் கண்ணால் காண்பர். இவ்வொலியையோ துன்புறுகிறவரைத் தவிர வேறொருவரும் கேட்பதில்லை. ஆதலின் இரக்கமும் எளிதில் கிடைப்பதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிடப்பட்ட ஒரு கணக்கின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேர்க்கு இது உண்டு. உலகில் 74 கோடிக்கு மேற்பட்டவர்கள். அவருள் 12 கோடிப் பேர் கடுமையாக வருந்துகிறார்கள்.

எனினும், காதில் ஒலி கேட்டதும் அஞ்சிவிட வேண்டா. 1953-இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர் எளிய சோதனை ஒன்று செய்தனர். நன்றாகக் காது கேட்கும் 80 பேரை, ஒருவர்பின் ஒருவராக, வெளியொலி புகாத அறையில் உட்கார வைத்துக் கேட்பதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்தே நிமிடத்திற்குள் நூற்றுக்கு 94 பேர் ஏதேனும் ஓர் ஒலியைக் கேட்டதாக எழுதினர். முழு அமைதி என்று நாம் எண்ணுவதில் நம் உடம்பின் மெல்லொலி எப்போதும் உண்டு. அது பெருகி, நீங்காமல் நின்று, வாழ்க்கையைக் கெடுக்கும்போதே நோய் ஆகிறது.

அது ஏன் பெருகுகிறது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே விடை இருக்கிறது. என் ஊர் படாளம். செங்கற்பட்டிலிருந்து மதுராந்தகம் போகும் சாலையில் உள்ளது. கிழக்கே கடற்கரைவரை சென்றால் மாமல்லபுரம். மேற்கே சிறிது தொலைவு போனால் வேடந்தாங்கல். ஓரிடத்தில் சிற்பிகள், ஓரிடத்தில் பறவைகள். இவ்விரண்டையும் பார்த்தே காதிரைச்சலைப் பற்றிப் பாதி தெரிந்துகொள்ளலாம்.

மாமல்லபுரத்தின் இன்றைய பட்டறைகளில் உளியின் ஓசை குறைந்துவிட்டது. கருங்கல்லை அறுக்கவும் தேய்க்கவும் மின்சாரத்தால் சுழலும் கிரைண்டர்கள் வந்துவிட்டன. அவற்றின் ஒலி 100 டெசிபெல் அளவை எளிதில் எட்டும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள், காதுக்குப் பாதுகாப்பு இல்லாத ஒருவர் ஒருநாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கத்தக்க ஒலிக்கு 90 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. 90-க்கும் 100-க்கும் வேறுபாடு பத்துதானே என்று கணக்குப் போடாதீர்கள். டெசிபெல் அளவையில் பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. சாலையோரத்துச் சிறு பட்டறையில் இதனை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்!

உட்காதில், நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்பினுள், ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியலை வந்து மோதும்போது அவற்றின் நுனி மயிர்கள் வளைகின்றன. அவ்வளைவு மின்குறியாக மாறிச் செவி நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது. பேரொலியில் பல ஆண்டு கழித்தவர்க்கு இவ்வணுக்கள் சாய்ந்து மடிகின்றன. மடிந்தவை மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கோ முளைக்கின்றன. 1988-இல் கோழிக்குஞ்சுகளிலும் காடைகளிலும் இது கண்டறியப்பட்டது. பேரொலியால் அழிந்த மயிரணுக்களின் இடத்தில் புதியவை தோன்றின. வேடந்தாங்கல் ஏரியில் நத்தைகுத்தி நாரைகளைப் பார்க்கும்போதெல்லாம் இச்செல்வம் நமக்கு ஏன் கிட்டவில்லை என்று எண்ணிக்கொள்வேன்.

மயிரணு மடிந்தால் ஒலி குறையவேண்டுமே, புதிதாக ஓர் ஒலி ஏன் எழுகிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உங்கள் முன் உள்ள வானொலிப் பெட்டியே விடை சொல்லும். தொலைவில் உள்ள ஒரு நிலையத்தின் அலை மெலிந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்கிறோம்? குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுகிறோம். பேச்சு சற்றுத் தெளிகிறது. உடனே இரைச்சலும் கூடுகிறது. மூளையும் அவ்வாறே செய்கிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். காதிலிருந்து வரும் செய்தி மெலிந்ததும், அதனை எதிர்பார்த்துப் பழகிய மூளைப்பகுதி தன் கூருணர்வை ஏற்றிக்கொள்கிறது. அங்குள்ள நரம்பணுக்களின் தாமாகிய துடிப்பே அப்போது ஒலியாக உணரப்படுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. முன்னாளில் சிலர்க்கு இரைச்சலைப் போக்கச் செவி நரம்பையே அறுத்துப் பார்த்தனர். காது முற்றும் செவிடாயிற்று. பலர்க்கு இரைச்சல் மட்டும் நின்றபாடில்லை. பெட்டிக்கு வரும் கம்பியைத் துண்டித்த பின்னும் பாட்டுக் கேட்டால், பாடுவது பெட்டியே என்று தெளியலாம் அல்லவா?

இதனோடு ஒப்பிடத்தக்க ஒன்றை ஆராய்ந்து புகழ்பெற்றவர் நம் தமிழ்நாட்டவரே. 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து அமெரிக்காவில் குடியேறியவர் டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன். கை இழந்தவர் பலர் அந்த இல்லாத கையில் வலியை உணர்வதுண்டு. கை போயிற்று, மூளையில் கைக்குரிய இடம் போகவில்லை. கண்ணாடி ஒன்றை நிறுத்தி, இருக்கும் கையின் நிழலுருவை இல்லாத கையாகக் காட்டி, மூளையை ஏமாற்றியே சிலர்க்கு அவ்வலியைத் தணிக்கலாம் என்று அவர் 1990-களில் காட்டினார். இல்லாத கையின் வலிபோல இல்லாத ஒலியின் இரைச்சல்! ஒப்புமை முழுமையானது அன்று. ஆயினும் மருந்தைக் காதில் ஊற்றுவதைவிட மூளையை நாடுவதே முறை என்பதற்கு அது துணை நிற்கிறது.

மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தும் ஆசை பழையது. மின்கலத்தைப் படைத்த வோல்டா, 1800-இல் இரண்டு உலோகக் கோல்களைத் தம் இரு காதிலும் செருகி, மின்கலத்தோடு இணைத்துக்கொண்டார். தலையில் ஓர் அதிர்ச்சி. பிறகு குழம்பு கொதிப்பது போன்ற ஓர் ஒலி. மீண்டும் அதனைச் செய்ய அவர் விரும்பவில்லை. நீங்களும் செய்யாதீர்கள். மறு ஆண்டு, 1801-இல், இசைப்பெரியார் பேத்தோவன் தம் காது இரவும் பகலும் இரைவதாகத் தம் மருத்துவ நண்பர்க்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு மற்றொரு கடிதத்தில், மின்சாரச் சிகிச்சையைப் பற்றி அதிசயங்கள் பேசப்படுகின்றனவே, அதனைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று வினவினார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நோயாளிகள் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

மண்டையோடு மின்சாரத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. அதன் வழியே மின்சாரத்தைப் பலமாகச் செலுத்தினால் தலைத்தோல் வலி பொறுக்க முடியாததாகிவிடும். காந்தப்புலமோ எலும்பைத் தடையாகக் கொள்வதில்லை. 1831-இல் பாரடே கண்ட உண்மையை நினைவுகூருங்கள்: மாறும் காந்தப்புலம் அருகில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும். மூளையும் ஒரு கடத்திதான். 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் என்பாரும் அவருடைய துணைவரும் ஒரு கம்பிச்சுருளைத் தலையின் மேல் வைத்து, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வலிய மின்னோட்டத்தைப் பாய்ச்சினர். சுருளின் கீழிருந்த மூளைப்பகுதி தூண்டப்பட்டு, அதற்குரிய கை துள்ளிற்று. கத்தியில்லை, குருதியில்லை.

அச்சுருள் தரும் காந்தப்புலத்தின் வலிமை மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியினுடையதற்கு நிகராகும். ஆனால் அது எட்டும் ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவே. நொடிக்கு ஒன்றாகத் துடிப்புகளை நெடுநேரம் கொடுத்தால் அப்பகுதியின் கிளர்ச்சி தணியும். விரைந்து கொடுத்தால் கிளர்ச்சி ஏறும் என்பது பொதுவான போக்கு. மனச்சோர்வுக்கு இம்முறையை அமெரிக்க அரசு 2008-இல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் மனநோய்ச் சிகிச்சையில் இதனைக் கையாளுகின்றன. மனச்சோர்வில் பயன் தருவது, மிகைக் கிளர்ச்சியால் வரும் காதிரைச்சலில் பயன் தராதா? ஒலியை உணரும் மூளைப்பகுதியின் மேல் மெதுவான துடிப்புகளைக் கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

2003-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் 14 பேர்க்குச் செய்து பார்த்ததில் 8 பேர்க்கு இரைச்சல் சிறிது பொழுது குறைந்தது. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன்பின் பல நாடுகளில் சோதனைகள் நடந்தன.

இங்கேதான், மாணவர்களே, நீங்கள் கூர்ந்து கேட்கவேண்டும். காதிரைச்சல் தானாகவே ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். பெரிய மருத்துவர், பெரிய கருவி, பெரிய நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தாலே பலர்க்கு அது தணிந்ததாகத் தோன்றும். ஆதலின் உண்மைச் சிகிச்சை பெற்றவரைப் போலிச் சிகிச்சை பெற்றவரோடு ஒப்பிட்டால்தான் காந்தம் செய்தது எது, நம்பிக்கை செய்தது எது என்று பிரிக்கலாம். அதுவும் எளிதன்று. உண்மைச் சுருள் ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டக், டக்’ என்று உரத்து ஒலிக்கும். காதிரைச்சலுக்குச் சிகிச்சை பெறுகிறவர் காதடைப்பான் வைத்துக்கொண்டு உட்காரவேண்டிய வேடிக்கையும் உண்டு. போலிச் சுருளும் அவ்வாறே ஒலிக்கவேண்டும். தலைத்தோலில் சுண்டுவது போன்ற உணர்ச்சியையும் தரவேண்டும். இல்லாவிடில் நோயாளி கண்டுபிடித்துவிடுவார்.

2015-இல் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் முன்னாள் போர்வீரர்க்கான மருத்துவமனை ஒன்றின் ஆய்வு வெளிவந்தது. 64 பேர், பத்து நாள், நாளைக்கு 2,000 துடிப்புகள். உண்மைச் சிகிச்சை பெற்ற 32 பேருள் 18 பேர்க்கு நலம் தெரிந்தது. போலிச் சிகிச்சை பெற்ற 32 பேருள் 7 பேர்க்கும் நலம் தெரிந்தது. பதினெட்டையும் பார்க்க வேண்டும்; ஏழையும் பார்க்க வேண்டும். முதலாவது எண் நம்பிக்கை தருகிறது. இரண்டாவது எண்ணோ விளம்பரங்களில் ஒருபோதும் அச்சாவதில்லை.

இரண்டாண்டு கழித்து, 2017-இல், ஜெர்மனியில் பல மருத்துவ நிலையங்கள் ஒன்றுகூடி 163 பேர்க்கு நடத்திய பெரிய சோதனையின் முடிவு வந்தது. உண்மைச் சுருள் போலிச் சுருளை வெல்லவில்லை. ஏன் இவ்வேறுபாடு? ஒலியுணரும் மூளைப்புறணியின் பெரும்பகுதி ஒரு மடிப்பினுள் ஒளிந்திருப்பதால் துடிப்பு அங்குச் சென்று எட்டவில்லையோ? காதிரைச்சல் என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது பல நோய்களோ? இவ்வினாக்கள் இன்னும் ஆராயப்படுகின்றன. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் கழகம் 2014-இல் வகுத்த நெறிமுறை, நீடித்த காதிரைச்சலுக்கு இச்சிகிச்சையை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டா என்று கூறுகிறது. நெற்றியில் ஈரப் பஞ்சை வைத்து ஒன்றிரண்டு மில்லியாம்பியர் மின்னோட்டத்தை மெல்லச் செலுத்தும் மற்றொரு முறையும் உண்டு. அதற்கும் உறுதியான சான்று இதுவரை அமையவில்லை.

இதனை எடுத்துரைக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மாமல்லபுரத்துப் பட்டறை ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேல் கல் தேய்க்கிறவர். ஒரு துண்டு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ‘காந்தத்தால் காதிரைச்சல் அடியோடு நீங்கும்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. "ஐயா, வீட்டில் இருக்கிற தோட்டையும் சங்கிலியையும் வைத்தால் பணம் புரண்டுவிடும். போகலாமா?" என்றார். அவர் மனைவி வாயிற்படியில் நின்றார். காதில் தோடு இருந்தது.

"தம்பி, அடியோடு நீங்கும் என்று எழுதியிருக்கிறதே, அதை நடத்துகிறவரிடம் எழுத்தில் கேளுங்கள். போலிச் சிகிச்சை பெற்றவர் எத்தனை பேர்க்குக் குணமாயிற்று என்று கேளுங்கள். ஆராய்ச்சிக்காகச் செய்கிறார்களானால் உங்களிடம் பணம் வாங்குவது ஏன் என்றும் கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால் உங்கள் காதை யார் அளந்தார்கள்?" என்றேன். ஒருவரும் அளக்கவில்லை. துண்டு விளம்பரத்தில் சொல்லியதோ மூளைத் தூண்டலுங்கூட அன்று. காந்தம் பதித்த தலைப்பட்டை. பாரடேயின் விதியைப் படித்த நீங்கள் இதனை நொடியில் பிரித்தறியலாம். அசையாத, மாறாத காந்தம் எந்த மின்னோட்டத்தையும் தூண்டாது. பத்தாம் வகுப்புப் பௌதிகம் ஒரு குடும்பத்தின் தோட்டைக் காக்கும் இடம் இது.

செங்கற்பட்டில் 1965-இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள்ளன. அங்கே காதுப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். காதிரைச்சலுக்கு முதல் வேலை காரணம் தேடுதல். காதுக்குறும்பி அடைத்திருந்தாலும் இரையும். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில மருந்துகளாலும் இரையும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்; குருதிக்குழாய்க் கோளாறோ கட்டியோ இருக்கலாம். பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அதுவே புதிய நோயாகும்.

கேட்கும் திறன் குறைந்தவர்க்குச் செவித்துணைக் கருவி பெரிதும் உதவும். ஊரில் ‘காது மெஷின்’ என்று நாணுகிறார்களே, அதுதான். வெளியொலி மீண்டும் உள்ளே சென்றால், மூளை கூட்டி வைத்த குமிழைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும் என்று முன்சொன்ன உவமையாலேயே விளங்கும். காக்னிடிவ் பிஹேவியர் தெரபி எனப்படும் மனப்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. இரைச்சலை அது போக்காது. இரைச்சலின்மேல் நாம் கொள்ளும் அச்சத்தைப் போக்கும். 28 ஆய்வுகளையும் 2,733 பேரையும் கொண்டு 2020-இல் செய்த தொகுப்பு, இம்முறை துன்பத்தைக் குறைக்கிறது என்று கண்டது. காந்தத்தைப்போல் கவர்ச்சியில்லாத முறைதான். பளபளக்கும் கருவி இல்லையென்றால் நம்மவர் அதனைச் சிகிச்சை என்றே ஒப்புவதில்லை.

மூளையைத் தூண்டும் வழி முற்றும் அடைபட்டது என்றும் நான் சொல்லவில்லை. காதில் ஒலியும் நாவில் மெல்லிய மின்தூண்டலும் ஒருசேரத் தரும் ஒரு கருவி, 326 பேரைக் கொண்ட ஆய்வோடு 2020-இல் அறிவிக்கப்பட்டது. அயர்லாந்து நாட்டின் டப்ளினில் உருவான அக்கருவிக்கு 2023-இல் அமெரிக்க அரசு இசைவு தந்தது. பன்னிரண்டு வாரம் நாள்தோறும் பயன்படுத்தவேண்டும். அவ்வாய்வில் பலர்க்குத் துன்பம் குறைந்தது. ஆனால் தூண்டலே இல்லாத போலிக் கருவியோடு அதில் ஒப்பிடவில்லை. நான் மேலே சொன்ன பதினெட்டையும் ஏழையும் நினைவில் வைத்தவர்க்கு இதன் பொருள் தெரியும்.

உங்களிடம் இன்னும் மயிரணுக்கள் நிறைய உள்ளன. இயர்போனில் பாட்டுக் கேட்பவர்க்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு கூறியிருக்கிறது: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையவேண்டும். பேருந்தின் இரைச்சலை வெல்லப் பாட்டை ஏற்றிவைக்கும் மாணவர் இக்கணக்கைப் பேருந்திலேயே போட்டுப் பார்க்கலாம். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் காலடியில் உட்காரும் சிறுவர்களையும் சற்று அப்பால் உட்காரச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்க்கு இரு காதிலும் மேல்சுருதி ஒலிகள் குறைந்திருந்தன என்று செங்கற்பட்டில் அளந்து சொன்னார்கள். செவித்துணைக் கருவி பொருத்திக்கொண்டார். இரைச்சல் போகவில்லை. மின்விசிறியை ஓடவிட்டு உறங்குகிறார். நாலில் மூன்று நாள் உறக்கம் வருகிறது என்கிறார். பட்டறையில் அவரிடம் தொழில் பழகும் இரண்டு பிள்ளைகளுக்கும் காதுமூடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கூப்பிட்டால் அவர்கள் காதில் விழுவதில்லை என்று சிலை வாங்க வருகிறவர்கள் குறைப்படுகிறார்களாம். அவரோ கையால் தட்டிக் கூப்பிடும்படி அவர்களிடம் சொல்லிவிட்டார்.